செட்டிநாட்டுக் காட்டுப்பூக்களை நெருங்கி எடுக்க: பூவை அளந்து லென்ஸ் வாங்குங்கள்

ஐப்பசி மழை இரண்டு தரம் நன்றாக இறங்கினால் போதும், காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண் பொட்டலெல்லாம் பூக்கத் தொடங்கிவிடும். கண்மாய்க் கரையில் தும்பை, வண்டித்தடத்தில் நெருஞ்சி, வேலிப்புதரில் செங்காந்தள், தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டில்கூட சங்குப்பூவும் எருக்கும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு அப்போதுதான், சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஆசை வரும். கடையில் கேட்டால் 100 மி.மீ. மேக்ரோவை எடுத்து வைப்பார்கள். அருமையான லென்ஸ்தான். ஆனால் பல பத்தாயிரம் போட்டு அதை வாங்குவதற்கு முன்னால், நீங்கள் எடுக்க நினைக்கும் பூ எவ்வளவு பெரியது, அதற்கு எவ்வளவு அருகில் போக முடியும் என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். நம் பக்கத்துப் பூக்களில் பலவற்றுக்கு மேக்ரோ லென்ஸே வேண்டியதில்லை என்பதும் அப்போது தெரியும்.

பூவின் அளவு

கேமராப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் போட்டுவையுங்கள். பூவின் குறுக்களவை மி.மீ. கணக்கில் எடுத்து, மூன்றால் பெருக்குங்கள். உங்கள் கேமராவுக்குள் படம் விழும் சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் வரும் விடைதான் உங்களுக்கு வேண்டிய உருப்பெருக்கம். ஏன் மூன்று என்றால், பூ படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் மொட்டு, இலை, தண்டு இவற்றுக்கெல்லாம் கொஞ்சம் இடம் இருக்கும். பூவே முழுவதையும் அடைத்துக்கொண்டால் அது எந்தச் செடி என்றே பார்ப்பவருக்குப் புரியாது. இதழும் மகரந்தமும் மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மூன்றுக்குப் பதில் ஒன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சென்சார் அகலம் ஃபுல் ஃப்ரேமில் 36 மி.மீ. நிக்கான், சோனி க்ராப் சென்சாரில், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சாரில், 23.5, கேனான் க்ராப்பில் 22.3, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17.3. பூவின் 10 மி.மீ. சென்சார் மேலும் 10 மி.மீ. ஆகவே விழுந்தால் அதுதான் 1:1, அதாவது உருப்பெருக்கம் 1. பாதியாக விழுந்தால் 0.5. லென்ஸின் விவரப் பக்கத்தில் அதிகபட்ச உருப்பெருக்கம் என்று இந்த எண்ணைத்தான் போட்டிருப்பார்கள்.

க்ராப் சென்சார் நிக்கானை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆவாரம்பூ ஏறக்குறைய 45 மி.மீ. மூன்றால் பெருக்கினால் 135, 23.5-ஐ அதால் வகுத்தால் 0.17. செங்காந்தள் இதழ் விரித்து நின்றால் கையகலம் இருக்கும், அதற்கு 0.1 கூடத் தேவைப்படாது. நெருஞ்சிப்பூ 12 மி.மீ. என்றால் 0.65 வருகிறது. தும்பையும் அந்த வட்டாரம்தான். விஷ்ணுகிரந்தி 8 மி.மீ. இருந்தால் 0.98, அதாவது கிட்டத்தட்ட 1:1. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை இருக்கிறதே, அதன் தனிப்பூ இரண்டு மூன்று மி.மீ. தான் தேறும். அதைத் தனியாகத் துரத்தாமல் கதிர் முழுவதையும் ஒரு பூவாக வைத்துக் கணக்குப் போடுங்கள், பஞ்சு மாதிரியான அந்த மென்மையும் அப்போதுதான் படத்தில் வரும்.

இதே விஷ்ணுகிரந்தியை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அதே மாதிரி சட்டகத்துக்குள் கொண்டுவர 1.5 வேண்டும். சாதாரண மேக்ரோ லென்ஸ் 1-இல் நின்றுவிடும். அதனால் பூ எடுப்பதற்காகவே ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம், அந்தப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

கையில் இருப்பதே போதுமா?

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை நம் ஆட்கள் ரொம்பவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கேனானின் 18-55 எஃப் 3.5-5.6 எஸ்டிஎம் 0.36 வரை போகும், நிக்கானின் 18-55 ஏஎஃப்-பி 0.38 வரை போகும். மேலே போட்ட கணக்கின்படி ஆவாரை, எருக்கு, சங்குப்பூ, சிறுபூனைக்காலி எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். 55-இல் வைத்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, இருப்பதிலேயே மிக அருகிலான ஃபோகஸில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பூ தெளிவாகும் இடத்தில் க்ளிக் செய்யுங்கள். 18-இல் வைத்து அருகில் போனால் பூ பெரிதாகாது, பின்னால் இருக்கும் குப்பை எல்லாம் உள்ளே வந்துவிடும்.

55-250 மாதிரியான, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி ஜூம் இருந்தால் இன்னும் நல்லது. கேனான் 55-250 எஸ்டிஎம் 85 செ.மீ. தூரத்திலிருந்து 0.29 தருகிறது. ஊரணிக்குள் இறங்க முடியாத இடத்தில் அல்லிப்பூவை எடுக்க இதை விட்டால் வழியில்லை. வெள்ளல்லியும் செவ்வல்லியும் இரவில் மலர்ந்து, காலை வெயில் ஏற ஏறக் கூம்பிவிடும், ஆகவே விடிந்ததும் படித்துறையில் இருக்க வேண்டும். எருக்குக்கும் எனக்குப் பிடித்தது இந்த லென்ஸ்தான். பூவைத் தேடி வரும் பெரிய கருவண்டு ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற ஆளைப் பொருட்படுத்தாது. தவிர எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே கெடுதல், முகத்தைச் செடிக்குள் நுழைக்காமல் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஜூம் லென்ஸ் மேல் மேக்ரோ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சிலவற்றில் 0.25 தான் இருக்கும். டாம்ரானின் பழைய 70-300 போல மேக்ரோ ஸ்விட்ச் உள்ள சில லென்ஸ்கள் 0.5 வரை போகும், விலையும் குறைவு. எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

எவ்வளவு அருகில் போக வேண்டியிருக்கும்?

மேக்ரோ லென்ஸ் என்று முடிவு செய்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது 40-ஆ, 60-ஆ, 100-ஆ, 180-ஆ என்பது. எல்லாமே 1:1 தருகிறபோது எதற்குக் கூடுதல் காசு என்று தோன்றும். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. லென்ஸ் விவரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் தலையில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கிறதே, அங்கிருந்து. நமக்கு வேண்டியது லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பூவுக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி. நிக்கானின் 40 மி.மீ. மைக்ரோ 1:1-இல் சுமார் 3.5 செ.மீ. தான் விடுகிறது. 60 மி.மீ. லென்ஸ்கள் லென்ஸுக்குத் தகுந்தபடி ஐந்து முதல் பத்து செ.மீ. வரை விடும். 100, 105 வகையறாவில் 13 முதல் 15 செ.மீ. கிடைக்கும். நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களை மைக்ரோ என்றுதான் எழுதும், புது இசட் லென்ஸ்களில் எம்சி என்று போடுகிறது, எல்லாம் ஒரே இனம்தான்.

மூன்றரை செ.மீ. இடைவெளி என்றால் லென்ஸின் நிழலே பூ மேல் விழும், சுற்றி நிற்கும் புல்லும் முள்ளும் முன் கண்ணாடியில் இடிக்கும், தும்பைக்கு வந்த பட்டாம்பூச்சி பறந்துவிடும். வீட்டுக்குள் ஒரு பூவை ஜாடியில் வைத்து எடுப்பவருக்கு 40 சரி. பொட்டலில் படுத்து எடுப்பவருக்கு நான் 90 முதல் 105 வரைதான் சொல்வேன். 150-உம் 180-உம் இன்னும் இடைவெளி தரும், ஆனால் விலையும் எடையும் ஏறிப்போகும், கையில் பிடித்து எடுப்பது சிரமம். பூவுக்கு அவ்வளவு தேவையில்லை.

100-ஐ நான் விரும்புவதற்கு இடைவெளியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மி.மீ. எண் கூடிய லென்ஸ் பின்னணியில் ஒரு குறுகலான துண்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் காட்டுப்பூ சுத்தமான இடத்தில் பூப்பதில்லை. பின்னால் சீமைக்கருவேலம், பிளாஸ்டிக் பை, மின்கம்பம், செம்புறாங்கல் சுவர் ஏதாவது இருந்தே தீரும். 35-இல் இவை எல்லாம் உள்ளே வரும். 100-இல் கேமராவை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாலே பின்னணி முழுவதும் செம்மண்ணாகவோ, கண்மாய்த் தண்ணீராகவோ மாறிவிடும். மஞ்சள் நெருஞ்சிக்குப் பின்னால் கலங்கலாகத் தெரியும் செம்மண்ணைப் போன்ற பின்னணி வேறெந்த ஊரிலும் கிடைக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான ஆசையும் சிலருக்கு இருக்கும். பூவும் தெரிய வேண்டும், அது பூத்த இடமும் தெரிய வேண்டும். முன்னால் ஆவாரங்கொத்து, பின்னால் கானாடுகாத்தான் வீட்டின் முகப்பு. இதற்கு அகலமான லென்ஸ்தான் வேண்டும். கேனான் ஆர்எஃப் 35 மி.மீ. மேக்ரோ 0.5 வரை போகும், க்ராப் கேமராவில் ஓரளவுதான் அகலம், ஃபுல் ஃப்ரேமில் அழகாக இருக்கும். லாவோவாவின் 15 மி.மீ. மேக்ரோ 1:1 வரை போகிற அபூர்வமான அகல லென்ஸ். ஆனால் அதில் பூ கிட்டத்தட்ட கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இதை முதல் லென்ஸாக வாங்காதீர்கள், இரண்டாவதாக வேண்டுமானால் யோசிக்கலாம்.

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது கை நடுக்கத்தைக் குறைக்கும், காற்றில் ஆடும் பூவை நிறுத்தாது. அதோடு 1:1-ஐ நெருங்க நெருங்க அதன் பலன் குறைந்துகொண்டே வரும். மூக்குத்திப்பூ ஒரு சாண் தண்டின் நுனியில் நிற்கிறது, லேசான காற்றுக்கே தலையாட்டும். அதற்கு ஷட்டர் வேகத்தை 1/250-க்கு மேலே ஏற்றுவதும், காற்று எழாத விடிகாலையில் போவதும்தான் மருந்து. எனவே ஸ்டெபிலைசேஷன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல நிலையில் இருக்கும் பழைய டாம்ரான் 90-ஐ ஒதுக்க வேண்டாம்.

மேக்ரோ லென்ஸ் வாங்காமலே நெருங்க

எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெறும் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் 0.5 கூடும், லென்ஸின் சொந்த 0.15 அல்லது 0.2-ஐச் சேர்த்தால் நெருஞ்சிக்கும் தும்பைக்கும் வேண்டியது வந்துவிடுகிறது. அநேகம் பேரிடம் 50 மி.மீ. எஃப் 1.8 இருக்கும், அதனால் பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாங்கும்போது உள்ளே மின் தொடர்புப் புள்ளிகள் இருக்கிற ட்யூப்பாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு ட்யூப்பில் கேனான் லென்ஸின் அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, கேமராவிலிருந்து மாற்ற முடியாது, முழுவதும் திறந்தே கிடக்கும். இன்னொன்று, ட்யூப் போட்டால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது, வெளிச்சமும் குறையும். 18 மி.மீ. போன்ற அகல லென்ஸில் பெரிய ட்யூப் மாட்டினால் ஃபோகஸ் கண்ணாடிக்குள்ளேயே போய் விழும், எதற்கும் உதவாது.

டெலி ஜூம் வைத்திருப்பவர்கள் ட்யூப்பை விட்டுவிட்டு க்ளோஸ்-அப் லென்ஸுக்குப் போகலாம். ஃபில்டர் மாதிரி முன்னால் மாட்டுவது. இதன் சக்தியை டயாப்டரில் சொல்வார்கள். லென்ஸின் மி.மீ. எண்ணை டயாப்டரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், லென்ஸ் தூர ஃபோகஸில் இருக்கும்போது கிடைக்கும் உருப்பெருக்கம் வரும். ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்பது 4.8 டயாப்டர். அதை 250 மி.மீ.-இல் மாட்டினால் 1.2, அதாவது 1:1-க்கும் மேலே. விஷ்ணுகிரந்திக்குத் தாராளம். பூவுக்கும் லென்ஸுக்கும் சுமார் 20 செ.மீ. இடைவெளியும் மிஞ்சும், வெளிச்சம் குறையாது, கழற்றினால் பழைய ஜூம். டிசிஆர்-250 இன்னும் வீரியம், 8 டயாப்டர், ஆனால் முதலில் 150-ஐயே வாங்குங்கள், பூவுக்கு அதுதான் பொருத்தம். ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவான செட்டுகள் கிடைக்கின்றன, 1, 2, 4, 10 என்று நான்கைந்து சேர்த்து விற்பார்கள். ஓரங்களில் தெளிவு போய், வெள்ளைத் தும்பை இதழைச் சுற்றி ஊதாக் கோடு விழும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகைதான் வேண்டும்.

லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் எல்லாவற்றிலும் மலிவு. 50 மி.மீ.-ஐத் திருப்பினால் 1:1-ஐ ஒட்டி வரும், 28-ஐத் திருப்பினால் அதற்கு மேலே போகும். வீட்டில் இருந்து பழக நல்ல வழி. ஆனால் இங்கே வெளியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். லென்ஸின் பின்பக்கம் வெளியே திறந்திருக்கும், நம் செம்மண் புழுதி எதற்குள்ளும் நுழையக்கூடியது.

போனில் எடுப்பவர்களுக்கும் இதே அளவுக் கணக்குதான் வழி. இரண்டு மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று தனியாகக் கொடுக்கும் போன்களில் அதைத் தொடாதீர்கள், பிரதான கேமராவில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது அதைவிட நன்றாக வரும். அல்ட்ராவைடு கேமராவிலேயே ஆட்டோஃபோகஸ் உள்ள போன்கள் இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கும், அவற்றில் தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் போனின் நிழல் பூ மேல் விழாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.

தெளிவு எவ்வளவு ஆழம் வரும்?

லென்ஸ் எதுவானாலும் ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே அபெர்ச்சரில் தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். அபெர்ச்சரை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும். ஃபுல் ஃப்ரேமில் 1:1-இல் எஃப் 8 வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. மட்டுமே தெளிவாக இருக்கும். 0.5-இல் மூன்று மி.மீ. அளவு, 0.25-இல் ஒன்பது பத்து மி.மீ. அதனால் எஃப் 2.8-க்கும் எஃப் 4-க்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் எஃப் 4-ஐயே எடுங்கள், நெருங்கிய பூவுக்கு நீங்கள் எப்படியும் எஃப் 8, எஃப் 11 தான் வைக்கப் போகிறீர்கள். அதற்காக எஃப் 22 வரை மூடிவிடாதீர்கள். 1:1-இல் சென்சாருக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் எழுதியிருக்கும் எண்ணைவிட இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது நான்கில் ஒரு பங்குதான், எஃப் 16 என்பது நடப்பில் எஃப் 32 போல வேலை செய்து படத்தை மழுங்கடிக்கும். விஷ்ணுகிரந்தி, நெருஞ்சி போன்ற தட்டையான பூக்களுக்கு சென்சாரும் பூவின் முகமும் இணையாக இருக்கும்படி கேமராவைப் பிடித்தால் எஃப் 8-லேயே இதழ் அனைத்தும் தெளிவாகிவிடும். நெருஞ்சி சூரியனைப் பார்த்துத் திரும்பி நிற்கும், விஷ்ணுகிரந்தி மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஒரு வெள்ளை வேட்டியை இருவர் பிடித்து நிழல் கொடுத்தால் போதும், தனி டிஃப்யூசர் வேண்டாம்.

படுத்து எடுப்பதற்கு முன்னால் ஒரு கோணிச் சாக்கை விரியுங்கள், நெருஞ்சி முள் யாரையும் விடாது. புதரை ஒரு குச்சியால் தட்டிவிட்டு உட்காருங்கள், மழைக்காலத்தில் விரியன் நடமாட்டம் உண்டு. வீட்டுப் பின்கட்டு என்றால் காவலுக்கு இருப்பவரிடமோ பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பூ எது, எப்போது பூக்கும் என்று அவர்களே நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

மேக்ரோ லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் தவறே இல்லை, ஆனால் உங்கள் கேமராவோடு சேருமா என்று பாருங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய டாம்ரான் 90, டோக்கினா 100 இவற்றில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பூவுக்கு மேனுவல் ஃபோகஸ்தான் நல்லது என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆனால் அதே லென்ஸில் பிள்ளைகளையும் எடுக்க நினைத்தால் சிரமப்படுவீர்கள். நிக்கானின் பழைய 55 மி.மீ. மைக்ரோ 0.5 வரை போகும், 27.5 மி.மீ. குழாய் சேர்த்தால் 1:1. மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டுப் பயன்படுத்த இதைப்போல் உறுதியான லென்ஸ் குறைந்த விலைக்குக் கிடைப்பது அரிது.

வாங்கும் இடத்தில் போன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து, மறுமுனையிலிருந்து உள்ளே பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஓடினால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் பளபளப்பு இருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுங்கள், நடுவில் சிக்கினாலோ மணல் அரைபடும் சத்தம் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் கேமராவில் மாட்டி, ஸ்கேலின் மி.மீ. கோடுகளை மிக அருகில் படம் எடுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 36 கோடுகள், நிக்கான் க்ராப்பில் இருபத்து மூன்றரை கோடுகள் அகலத்துக்கு வந்தால் அது உண்மையான 1:1.